விருந்தாளிக்குக் காட்டாத குவியல்

“கறுப்புக்கு ஏதுடா கட்சி? துணி துணிதானே? பரண்மேல எலி கடிச்சிக் கெடக்குற கொடியத்தான கேக்குறேன்!”

“எலி கடிச்சாலும் அது எங்க கொடி அண்ணே! எங்க ஆளுங்க போலீஸ்கிட்ட அடி வாங்கிப் புடிச்ச கொடி. அதை உங்க ஆளுங்க கையில குடுத்துட்டு நான் ஊர்ல தலை காட்ட முடியுமா?”

“இனிமே உனக்கு எதுக்குடா அது? டில்லிக்காரங்களுக்கு இன்னிக்கு மாலை போடப் போறவன் நீ. மாலை போடுற கையில கறுப்புக் கொடியையும் புடிப்பியா?”

பூவனங்குடி மேலத்தெரு குழாயடியில் குடங்கள் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. யாரும் தூக்கவில்லை. அண்ணன் துரைராசுவும் தம்பி குணசேகரனும் சண்டை போட்டால் தெருவுக்கு அன்று காலைப் பலகாரம் தேவையில்லை. அண்ணனுக்குக் குரல் பெரிது, தம்பிக்குக் கை வீச்சு பெரிது. இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கும் காது புளித்துப் போயிருக்கும்.

குணசேகரனின் மனைவி ராஜாத்தி சமையலறை வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் மனசு இங்கே இல்லை. கொள்முதல் நிலையத்தில் கொட்டிக் கிடக்கிற அவளுடைய குறுவை நெல்லில் இருந்தது.

இந்தச் சண்டைக்கு வேர் பூவனங்குடியில் இல்லை, டில்லியில் இருந்தது.

ஆனி மாதத்தில் அங்கே ஆட்சி மாறியது. அதற்கு முன் டில்லியை ஆண்டவர்களோடு கூட்டுச் சேர்ந்திருந்தது துரைராசுவின் கட்சி. டிரான்ஸ்பார்மர் வெடித்தாலும், ரேஷனில் பருப்பு வராவிட்டாலும், “டில்லியில நம்ம ஆளு இருக்கு, பாத்துக்கலாம்” என்பார் அவர். பார்த்தாரா என்று யாரும் கேட்டதில்லை.

சென்னையை ஆள்வதோ தம்பியின் கட்சி. குணசேகரன் அதில் ஒன்றியச் செயலாளர். உரம் வரவில்லையா, டில்லி வஞ்சிக்கிறது. வாய்க்கால் தூர்ந்ததா, டில்லி வஞ்சிக்கிறது. இப்போது புதிதாக வந்த டில்லி ஆட்சி பல கட்சிகளின் தோளில் நிற்கிறது. அதில் ஒரு தோள் குணசேகரனின் கட்சியுடையது. அவ்வளவுதான், ஒரே ராத்திரியில் அவருடைய பேச்சே பாழாய்ப் போயிற்று. ஆடி மாதக் கூட்டத்தில் பழக்க தோஷத்தில் “வஞ்சிக்கும்...” என்று ஆரம்பித்து, நடுவில் நினைவு வந்து, “வஞ்சனையில்லாமல் வாரி வழங்கும் டில்லி அரசுக்கு” என்று முடித்தார். அந்தக் கூட்டமே கண்டனக் கூட்டத்துக்காகப் போட்ட பந்தலில்தான் நடந்தது. பந்தல்காரர் எழுத்துத் துணியை மட்டும் மாற்றினார். கைதட்டியவர்கள் அதே ஆட்கள்.

ஆக, தம்பி பிடித்துக்கொண்டிருந்த கறுப்புக் கொடி அண்ணன் கைக்கு மாற வேண்டிய காலம் வந்தது. புதுசாகத் தைக்க நேரமில்லை. டில்லியிலிருந்து மத்தியக் குழு இன்று வருகிறது.

குழு வருவது ஈரம் பார்க்க. ஐப்பசி மழை அறுவடையோடு அறுவடையாய்க் கொட்டியதில் நெல்லெல்லாம் நனைந்துவிட்டது. பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வரை எடுக்கலாம் என்று டில்லி உத்தரவு போட வேண்டும். குழு வந்து கண்ணால் பார்த்து, “ஆமாம், ஈரம்தான்” என்று எழுதினால் உத்தரவு வரும். எழுதாவிட்டால் நெல்லை மாட்டுக்குத்தான் கொட்ட வேண்டும்.

குணசேகரனுக்குக் கட்சி; வயல் ராஜாத்திக்கு. அது கல்யாணமான புதிதிலேயே ஏற்பட்ட பாகப்பிரிவினை. நாற்று விட்டது, வாய்க்கால் முறைக்குக் காவல் கிடந்தது, அறுவடை மிஷினுக்காக ஒவ்வொரு வீடாகக் கெஞ்சியது எல்லாம் அவள். நேற்றுச் சாயங்காலம் குவியலுக்குள் கை விட்டுப் பார்த்தாள். சுட்டது. ஓரத்து நெல்லில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

“போதும்!” என்றாள் ராஜாத்தி. ஏணியைச் சாய்த்து, பரண்மேல் ஏறி, கொடி மூட்டையை இழுத்துக் கீழே போட்டாள். தூசி பறந்தது. “எடுத்துட்டுப் போங்க மாமா.”

“ஏய்! என்னடி பண்ற?” என்று பதறினார் குணசேகரன்.

“நீங்க ரெண்டு பேரும் கத்தி முடிக்கறதுக்குள்ள என் நெல்லு நாத்தாயிடும்.”

துரைராசு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெற்றி பெற்றவர் போலவும் இல்லாமல் தோற்றவர் போலவும் இல்லாமல் வெளியேறினார். குழாயடியில் குடங்கள் நகர ஆரம்பித்தன.

குணசேகரன் சட்டையை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “நீ இன்னிக்கு சென்டர் பக்கம் வராத.”

“என் நெல்லு அங்கதான கெடக்கு?”

“பொம்பளைங்க கூட்டம் சேர வேணாம்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க. எல்லாம் நான் பாத்துக்குறேன்.”

குணசேகரன் “எல்லாம் நான் பாத்துக்குறேன்” என்று சொன்ன எதையும் ராஜாத்தி இதுவரை பார்க்காமல் விட்டதில்லை. அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் இவளும் கிளம்பினாள்.

கொள்முதல் நிலையத்தைப் பார்த்ததும் அவளுக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

வாசலில் இரண்டு பக்கமும் வாழை மரம். வழியெல்லாம் பிளீச்சிங் பவுடர் கோடு. நடுவில் பெரிய மாக்கோலம். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார். களத்தின் முகப்பில் ஒரு நெல் குவியல், தங்கக் கட்டி மாதிரி மின்னியது. ஒரு பதர் இல்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஊர் நெல் எங்கே?

குவியலுக்குப் பின்னால் கல்யாண மண்டபத்தில் கட்டுகிற சிவப்பும் மஞ்சளுமான துணித் தட்டி நீளமாக இழுத்துக் கட்டியிருந்தது. ராஜாத்தி அதை விலக்கிப் பார்த்தாள். ஊரார் குவியல்கள் அத்தனையும் அங்கே ஒண்டிக் கிடந்தன. மேலே புத்தம் புதிய நீலப் படுதா. தார்ப்பாய் கேட்டு ஐப்பசி முழுக்க அலைந்தபோது கிடைக்காத படுதா!

“தியாகராசண்ணே, இது யாரு நெல்லு?”

குணசேகரன் கட்சியின் கிளைச் செயலாளரும் நெல் வியாபாரியுமான தியாகராசன் பெருமையாகச் சிரித்தார். “நம்ம குடோன் நெல்லும்மா. கோடையிலயே அடிச்சுக் காயவச்சது. ராவோட ராவா லாரியில ஏத்திக் கொண்டாந்து கொட்டுனோம். எல்லாம் நம்ம குணசேகரண்ணன் யோசனை.”

அண்ணனுடைய யோசனை வாழை மரத்துக்குப் பக்கத்தில் நின்று மாலைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. ராஜாத்தி நேரே போய் நின்றாள்.

“என்னங்க இது?”

“உன்னை வர வேணாம்னு சொன்னனா இல்லியா?” என்று பல்லைக் கடித்தார் குணசேகரன். பிறகு குரலைத் தாழ்த்தி, “இத பாரு, முந்தி வந்தவங்க வேற. இப்ப வர்றவங்க நம்ம ஆளுங்க. சம்பந்தி வீட்டுலேர்ந்து வரும்போது கொல்லைப்புறத்தயா தொறந்து காட்டுவோம்? முளைச்சுப் போன நெல்லயும் நாத்தத்தயும் காட்டுனா, நம்ம ஆட்சியில கொள்முதல் சரியில்லன்னு ஆவாதா? மேலிடத்துக்கு என்ன பேரு?”

போன வருஷம் இதே குணசேகரன், பழைய டில்லிக் குழு வந்தபோது, மூன்று ஊர் ஈர நெல்லைக் கொண்டுவந்து முகப்பில் கொட்டிக் காட்டினார். போதாதென்று குடத்தில் தண்ணீர் தெளித்ததாகவும் பேச்சு உண்டு. பார்த்தவர் யாருமில்லை, சொன்னவர் நிறையப் பேர். அப்போது துரைராசு எதிரில் நின்று, “ஈரமே கெடையாது, எல்லாம் நாடகம்” என்று கூவினார். டில்லி மாறியதும் நெல்லும் மாற வேண்டியதாயிற்று.

ராஜாத்தி குரலைத் தாழ்த்தவில்லை.

“அவங்க பொண்ணு பாக்க வரலீங்க. ஈரம் பாக்க வர்றாங்க.”

குணசேகரனின் கையிலிருந்த மாலை அப்படியே நின்றது. முகம் வெளுத்தது. மாலை, மேளம், வாழை மரம், மேலிடம் என்று அத்தனையையும் யோசித்த மனுஷனுக்கு இந்த ஒன்று மட்டும் இதுவரை தோன்றவே இல்லை. அது நடிப்பு இல்லை என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இருபது வருஷம் குடித்தனம் செய்தவளுக்குப் புருஷன் எப்போது நடிக்கிறார், எப்போது நிஜமாகவே அசடு என்று தெரியாதா?

“தட்டிய அவுக்கச் சொல்லுங்க.”

“எப்பிடிடி? கலெக்டர் வர்றாரு, பத்திரிகைக்காரங்க வந்தாச்சு. இப்ப அவுத்தா நான் மறைச்சேன்னு...”

அதற்குள் சைரன் சத்தம். கார்கள் வரிசையாகத் திரும்பின. நாதஸ்வரம் எடுத்துவிட்டார்கள். குணசேகரனின் கால்கள் பழக்கத்தில் வாசலை நோக்கி ஓடின.

ராஜாத்தி எதிர்ப்பக்கம் ஓடினாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், போலீஸ் கயிற்றுக்கு வெளியில், எலி கடித்த கறுப்புக் கொடிகளோடு துரைராசுவின் ஆட்கள் நின்றிருந்தார்கள். புதுப் பழக்கம் என்பதால் கோஷம் சரியாகப் படியவில்லை. பெண்கள் வரிசைக்கு முன்னால் துரைராசுவின் மனைவி பிரகதீஸ்வரி. பொங்கலிலிருந்து ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் இருவருக்கும் மறந்துவிட்டது, ஊருக்கு மறக்கவில்லை.

“அக்கா!”

பிரகதீஸ்வரி ஏற இறங்கப் பார்த்தாள். “என்னடி, மாலை மரியாதையெல்லாம் விட்டுட்டு இங்க?”

ராஜாத்தி மூச்சு வாங்கச் சொன்னாள். முன்னால் காய்ந்த நெல், பின்னால் படுதா, நடுவில் துணித் தட்டி. டில்லிக்காரர்கள் முன்னால் இருக்கும் குவியலில் மட்டும் ஈரம் பார்க்கிற மிஷினை வைத்துவிட்டுப் போனால் ஊர் நெல் போச்சு.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த துரைராசுவின் மீசை துடித்தது. “இது வெளிய வந்தா உன் புருஷன் கதை முடிஞ்சுது. தெரிஞ்சுதான் சொல்றியாம்மா?”

“தெரிஞ்சுதான் மாமா. பதவி போனா வீட்டுல உக்காருவாரு. நெல்லு போனா ஊர்ல பாதிப் பேருக்கு அடுத்த நடவு இல்ல.”

துரைராசு தன் நெல்லை மழைக்கு முன்பே விற்றுவிட்டவர். அந்தப் படுதாவுக்கு அடியில் அவருடைய ஒரு மணிகூட இல்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டு போலீஸ் கயிற்றைப் பார்த்தார்.

பிரகதீஸ்வரி கொடியைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். “நடு ரோட்டுல நின்னு கத்தி என்ன ஆவப் போவுது? வாய்க்கா கரை வழியா பின்பக்கம் போலாம். அங்க போலீஸ் இல்ல. வாங்கடி!”

பெண்கள் கூட்டம் சேற்றில் இறங்கி வாய்க்கால் கரையோடு விரைந்தது. ஆளுங்கட்சி வீட்டுப் பெண் முன்னால், எதிர்க்கட்சி வீட்டுப் பெண் அவள் தோளைப் பிடித்தபடி பின்னால். பூவனங்குடி இப்படி ஒரு கூட்டணியை அதுவரை பார்த்ததில்லை.

உள்ளே டில்லியிலிருந்து வந்த பெண் அதிகாரி குனிந்து மின்னும் குவியலில் மிஷினை வைத்துப் பார்த்தார். பதினைந்து. வேளாண்மை அலுவலர் இசைவாணி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கலெக்டர் நெற்றியைத் துடைத்தார். டில்லி அம்மாள் தலையசைத்து, பேனாவை எடுத்தார்.

“புடிடி அந்த முனைய!” என்று தட்டிக்குப் பின்னாலிருந்து பிரகதீஸ்வரியின் குரல் கேட்டது.

தட்டி சரிந்தது. அதன் பின்னால் நீலப் படுதா ஒரு பக்கம் ராஜாத்தியின் கையிலும் மறு பக்கம் பிரகதீஸ்வரியின் கையிலும் பறந்தது. பெண்கள் பிடித்து இழுத்ததில் குவியல் குவியலாக ஊர் நெல் வெளியே தெரிந்தது. அதற்கும் முன்னால் வாசனை வந்துவிட்டது. அடைத்து வைத்த ஈர நெல்லின் புளித்த வாடை. நாதஸ்வரக்காரர் தானாகவே நிறுத்தினார்.

டில்லி அம்மாள் யாரையும் கேட்காமல் நடந்து வந்தார். ராஜாத்தியின் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார். உள்ளே அவ்வளவு சூடு. விரலில் ஒட்டியிருந்த முளைவிட்ட நெல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிஷினை வைத்தார்கள். இருபத்தொன்று.

பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இசைவாணி தயங்கி, குணசேகரனைப் பார்த்துச் சொன்னாள்: “இதுதான் ஊர் நெல்லுன்னா, முன்னால இருக்கறது என்னன்னு கேக்குறாங்க.”

பத்திரிகைக்காரர்களின் செல்போன்கள் எல்லாம் குணசேகரன் பக்கம் திரும்பின. நெல்லைக் காப்பாற்றியாகிவிட்டது, புருஷனைத்தான் நடுக்களத்தில் நிறுத்திவிட்டோம் என்று ராஜாத்திக்கு அப்போதுதான் உறைத்தது.

குணசேகரன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

“அது... மேடம், டெல்டாவுல நல்ல நெல்லு எப்பிடி இருக்கும்னு நீங்க மொதல்ல பாக்கணும்ல? அதப் பாத்துட்டு இதப் பாத்தாத்தான மழை எங்களை என்ன பண்ணியிருக்குன்னு தெரியும்? ஒப்பிட்டுப் பாக்கத்தான் ரெண்டயும் வச்சோம். தட்டிய நேரம் பாத்து அவுக்கச் சொல்லி வீட்டுல சொல்லி வச்சிருந்தேன்.”

இசைவாணி மொழிபெயர்த்தாள். இங்கிலீஷில் அது இன்னும் உண்மையாக ஒலித்தது.

டில்லி அம்மாள் நம்பினாரா இல்லையா என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் பத்திரிகைக்காரர்கள் நம்பவில்லை. போலீஸ் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்திருந்த துரைராசுவை ஒருவர் மடக்கினார். “ஐயா, நீங்க சொல்லுங்க. ஈர நெல்ல மறைச்சு மத்தியக் குழுவ ஏமாத்தப் பாத்தாங்களா இல்லியா?”

மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. இத்தனை வருஷம் அவர் தேடிய தருணம் அது. ஒரு “ஆமா” போதும். தம்பியின் பதவி சாயங்காலத்துக்குள் போய்விடும்.

துரைராசு தம்பியைப் பார்த்தார். வேட்டி நுனியைப் பிடித்தபடி தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏமாத்தறதா? யாரு சொன்னது?” என்று துரைராசுவின் பெரிய குரல் களம் முழுக்கக் கேட்டது. “காஞ்சதயும் ஈரத்தயும் பக்கத்துல பக்கத்துல வைக்கச் சொல்லி யோசனை சொன்னதே நான்தான். அவனுக்கு ஏது அவ்வளவு மூளை? எழுதிக்கங்க. இந்த ஊரு நெல்லுக்கு உத்தரவு வந்தே ஆவணும். கட்சியெல்லாம் நாளைக்கு!”

உதவியில்கூடப் பாதிப் பெருமையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அதனால் என்ன? ராஜாத்திக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்த வாரத்துக்குள் உத்தரவு வந்தது. நெல் மூட்டைகள் லாரியில் ஏறின. குணசேகரன் ஃபிளெக்ஸ் வைத்தார். டில்லிக்கு நன்றி, சென்னைக்கு நன்றி, மாவட்டத்துக்கு நன்றி. சேற்றில் இறங்கிப் படுதாவை இழுத்தவர்களுக்கு அதில் இடம் போதவில்லை.

ராஜாத்தி தன் நன்றியைத் தூக்குவாளியில் எடுத்துப் போனாள். சர்க்கரைப் பொங்கல், நெய் ஒழுக. சுவரைச் சுற்றிப் போகாமல், பொங்கலிலிருந்து திறக்காத பக்கத்துக் கதவைத் தட்டினாள். துரைராசுவின் காலில் விழப் போனவளை அவர் தடுத்தார்.

“எந்திரிம்மா. உனக்காவ ஒண்ணும் சொல்லல. சின்ன வயசுல வாய்க்கால்ல முங்கி எந்திரிக்க முடியாதப்ப அவன் அப்பிடித்தான் பாப்பான். அந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எதிர்ல நின்னுட்டான், நான் என்ன பண்ண?”

“உங்க கட்சியில ஒண்ணும் சொல்லலியா மாமா?”

“சொன்னாங்க,” என்று பிரகதீஸ்வரி பொங்கலை வழித்துக்கொண்டே பதில் சொன்னாள். “கட்சி விரோத நடவடிக்கையாம். கட்சிய விட்டே எடுத்துட்டாங்க. நல்லதா போச்சு. முந்திரி கொஞ்சம் தாராளமா போட்டுருக்கலாம்டி.”

ராஜாத்தி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் முந்தானையில் துடைத்தாள்.

கார்த்திகையிலேயே துரைராசுவும் பிரகதீஸ்வரியும் கும்பகோணத்துக்குக் குடி போனார்கள். “கட்சி இல்லாம காலையில எந்திரிச்சு இந்த ஊர்ல என்ன பண்றது?” என்றார் அவர். பிரகதீஸ்வரிக்கு மகாமகக் குளத்துப் பக்கம் வாடகை வீடு வெகுவாகப் பிடித்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் காய்கறி, சண்டைக்கு ஆள் இல்லை. தியாகராசன் தன் மகளைத் தையில் நன்னிலத்தில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை வீடு துரைராசுவின் பழைய கட்சி. டில்லியில் எந்தக் காற்று அடித்தாலும் ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டுமல்லவா? இசைவாணி மாற்றல் வாங்கிக்கொண்டு திருவாரூருக்குப் போனாள். போகும்போது, தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துச் சொன்ன அந்த மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டும் யாரிடமும் பேச வேண்டாம் என்று ராஜாத்தியிடம் கேட்டுக்கொண்டாள்.

ஊரில் மிஞ்சியது குணசேகரனும் ராஜாத்தியும், இந்தப் பக்கச் சத்தத்துக்குப் பதில் சொல்ல ஆளில்லாத அந்த ஒற்றைச் சுவரும்.

மாசி மாதத்து ஒரு காலை, குணசேகரன் மாவட்டக் கூட்டம் என்று தஞ்சாவூருக்குக் கிளம்பினார். அவர் போனதும் ராஜாத்தி சம்பாப் புது அரிசியைப் பையில் கட்டிக்கொண்டு, அக்காவைப் பார்க்கக் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்த பிரகதீஸ்வரி பையை வாங்கவில்லை. வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“நீ இன்னிக்கா வரணும்?”

அவள் தோளுக்கு மேலாக ராஜாத்தி எட்டிப் பார்த்தாள். கூடத்தில் துரைராசுவுக்கு எதிரே, காபி டம்ளரை ஆற்றியபடி, தஞ்சாவூருக்குப் போயிருக்க வேண்டிய அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்க்க ரகசியமாக வந்தவரின் இடுப்பில் கட்சிக் கரை இல்லாத வெறும் வெள்ளை வேட்டி.